அடுக்குமாடி வீடுகளுக்குக் குழாய், காற்றோட்டச் செட்டுகளைப் பட்டறையிலேயே தயாரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுவர் எழுப்பிய ஈரம் காய்வதற்குள் அதே சுவரைக் கொத்தத் தொடங்கிவிடுவது நம் ஊர்க் கட்டுமானத்தின் வழக்கம். கொத்தனார் போனதும் பிளம்பர் வந்து நாலரை அங்குலச் சுவரில் பாதி ஆழத்துக்குக் காடி வெட்டுவார். அவர் போனதும் எலெக்ட்ரீஷியன். கடைசியாக ஏசிக்காரர் கோர் கட்டிங் மெஷினோடு வந்து, முன்னிருவர் போட்டதில் ஒன்றைத் துளைத்துவிட்டுப் போவார். இந்த வேலையில் பெரும்பகுதியைக் கட்டிடத்துக்கு வெளியே, நிழலில், மேசைமேல் வைத்துச் செய்து கொண்டுவந்து மாட்டிவிடலாம். அதற்கான வழிமுறைதான் இது.

பெரிய அளவில் இது புதிதல்ல. சென்னை பெரும்பாக்கத்தில் ஒன்றிய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் கட்டப்பட்டு 2022 மே மாதம் திறக்கப்பட்டன. முன்வார்ப்பு முறையில் ஒயர் போகும் குழாய், சுவிட்ச் பெட்டி, துவாரம் எல்லாவற்றுக்கும் வார்க்கும்போதே இடம் விட்டாக வேண்டும். பிறகு கொத்திக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சாதாரணத் தூண், பீம், செங்கல் கட்டிடத்திலும் அதே ஒழுங்கைக் குளியலறை, சமையலறைக்கு மட்டும் கொண்டுவர முடியும்.

கணக்குக்கு ஒரு கட்டிடத்தை வைத்துக்கொள்வோம். ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளம்) 5 மாடியும், தமிழ்நாட்டு விதிகளின்படி உயரமில்லாக் கட்டிடத்துக்கான 18.30 மீட்டர் வரம்புக்குள். மாடிக்கு 4 வீடு, வீட்டுக்கு 2 குளியலறை. ஆக 20 வீடு, 40 குளியலறை, 20 சமையலறை. ஒரே மாதிரிக் குளியலறை பத்துக்கும் குறைவாக இருந்தால் இந்த முறையைத் தொடாதீர்கள். அச்சுச் சட்டம் செய்யும் செலவே திரும்பாது. தனி வீடுகளுக்கு இது வீண்வேலை.

தொடங்குமுன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிளம்பர் ‘டக்ட்’ என்றால் குழாய்கள் இறங்கும் கூண்டு. ஏசிக்காரர் ‘டக்ட்’ என்றால் காற்று போகும் தகரக் குழாய். ஒரே வரைபடத்தில் இரண்டையும் ‘டக்ட்’ என்று எழுதினால், கூண்டுக்கு விட வேண்டிய ஓட்டை தகரக் குழாயின் அளவுக்கு விடப்படும். இங்கே கூண்டை ‘ஷாஃப்ட்’ என்றும் மற்றதைக் ‘காற்றுக்குழாய்’ என்றும் சொல்கிறோம். உங்கள் வரைபடத்திலும் அப்படியே எழுதிவிடுங்கள்.

1. எதைப் பட்டறையில் செய்வது, எதை விடுவது

பட்டறைக்கு ஏற்றவை: ஒவ்வொரு மாடிக்குமான கழிவுக்குழாய்த் துண்டு, குளியலறைத் தரைக்கடியில் ஓடும் கிளைக்குழாய்த் தொகுப்பு, சுவரில் வரும் தண்ணீர்க் குழாய்ச் சட்டம், எக்ஸாஸ்ட் விசிறிப் பலகை, சமையலறைச் சிம்னிக்கான சுவர்க் குழாய், ஒயர் மாட்டிய டிபி பெட்டி (வீட்டுக்குள் மின்சாரம் பிரியும் பெட்டி).

பட்டறைக்கு ஒவ்வாதவை: ஸ்டில்ட் கூரைக்கடியில் ஓடும் சேகரிப்புக் குழாய், சேம்பர், மொட்டைமாடிக் குழாய் வளையம். இவை இடத்துக்கு இடம் மாறும்; மேசையில் அளந்து வெட்டியது அங்கே பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: ஒவ்வொரு செட்டிலும் ஒரு குழாய் இணைப்பைச் சைட்டுக்கென்று விட்டுவைக்க வேண்டும். இரண்டு முனையும் பட்டறையிலேயே முடிவான துண்டு, கான்கிரீட் 10 மி.மீ. நகர்ந்தாலும் உட்காராது. கான்கிரீட் நகரும். எனவே ஒரு முனை முடிவாக இருக்கட்டும். மறுமுனையில் 150 மி.மீ. நீளமாக விட்டு, சைட்டில் அளந்து வெட்டி, கப்ளர் போட்டு இணைக்க வேண்டும். இந்தத் துண்டைக் கணக்கிலும் விலைப்பட்டியலிலும் பெயர் போட்டுச் சேருங்கள். இல்லாவிட்டால் சைட்டில் அது இருக்காது.

2. வரைபடத்தைப் பூட்டுவது

முதல் தளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்குமுன் குளியலறைப் பொருட்களின் மாடல் முடிவாகியிருக்க வேண்டும். விலை வரம்பு முடிவானால் போதாது, மாடலே முடிவாக வேண்டும். காரணம் எளிது. கீழ்நோக்கி வெளியேறும் எஸ் ட்ராப் க்ளோசெட்டில் சுவரிலிருந்து ஓட்டை மையம் 225 மி.மீ. இருக்கலாம், 300 மி.மீ. இருக்கலாம். சுவர்ப்பக்கம் வெளியேறும் பி ட்ராப்பில் பல மாடல்களுக்கு வெளிவாய் மையம் தரையிலிருந்து 180 மி.மீ. இருக்கும். அந்தப் ‘பல’வை நம்பி ஸ்லீவ் (குழாய் நுழைய முன்பே புதைத்துவைக்கும் உறைக்குழாய்) போடாதீர்கள், அந்த மாடலின் அளவுத்தாளை வாங்கி வரைபடத்தோடு பின் குத்தி வையுங்கள். சுவர் மிக்சருக்கான சூடு, குளிர் வாய்களின் மைய இடைவெளி 150 மி.மீ. என்பது மட்டும் எல்லாக் கம்பெனிக்கும் பொது. தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிட, சுவருக்குள் புதையும் டைவர்ட்டரின் ஆழம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

40 குளியலறையையும் இரண்டே வகைக்குள் அடக்கப் பாருங்கள். ஆர்க்கிடெக்ட் முணுமுணுப்பார். இரண்டு வகை என்றால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலம் இடம் மாறிய பிரதிகளையும் சேர்த்து நான்கு செட். ஏமாற்றம் இங்கேதான் அதிகம்: வலக்கைச் செட்டும் இடக்கைச் செட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், மாட்டும்போதுதான் தெரியும். ஆரம்பத்திலேயே வலக்கைக்கு நீலம், இடக்கைக்கு மஞ்சள் என்று பெயின்ட் அடித்து, வரைபடத்திலும் சுவரிலும் அதே நிறத்தைப் போடுங்கள்.

இன்னொரு பிழை, அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில் வரும். பிளம்பர் செங்கல் முகத்திலிருந்து அளப்பார், டைல்ஸ்காரர் முடிந்த முகத்திலிருந்து அளப்பார். இடையில் பூச்சு 15 மி.மீ., டைலும் ஒட்டும் சேர்ந்து 20 மி.மீ. ஆக 35 மி.மீ. வித்தியாசம், க்ளோசெட் சுவரில் இடித்து, ஓட்டைமேல் உட்காராமல் போக அது போதும். எல்லா அளவும் முடிந்த முகத்திலிருந்தே என்று வரைபடத்தில் ஒரு வரி எழுதுங்கள். உயரத்துக்கு, முடிந்த தரையிலிருந்து 1 மீட்டரில் ஒவ்வொரு மாடியிலும் சுவரைச் சுற்றி ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தவிர வேறு எதிலிருந்தும் உயரம் எடுக்கக் கூடாது.

3. ஸ்லீவ்: வேலை ஜெயிப்பதும் தோற்பதும் இங்கே

பட்டறையில் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், தளத்தில் ஓட்டை 30 மி.மீ. தள்ளிப்போனால் செட் தரையில் கிடக்கும், பிளம்பர் மறுபடி ரம்பத்தை எடுப்பார். அதனால் முதல் செலவைக் குழாயில் போடாமல் ஸ்லீவ் சட்டத்தில் போடுங்கள்.

ஒரு குளியலறை வகைக்கு ஒரு சட்டம். 2 மி.மீ. இரும்புத் தகடு, நான்கு ஓரத்திலும் ஆங்கிள் வைத்து வளையாமல் கட்டியது. ஓட்டைகளின் இடத்தில் வட்டப் பலகைகளைப் போல்ட்டில் பூட்டி, ஸ்லீவ் குழாயை அவற்றின்மேல் செருகுங்கள். 110 மி.மீ. கழிவுக்குழாய்க்கு 160 மி.மீ. ஸ்லீவ், 75 மி.மீ. குழாய்க்கு 110 மி.மீ. ஸ்லீவ். 160 குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 152. நடுவில் 110 நின்றால் சுற்றிலும் 21 மி.மீ. இடைவெளி. பிழைக்கு நமக்குக் கிடைக்கும் மொத்த இடம் அதுதான். அதில் பாதியை அடைப்புப் பொருளுக்கு ஒதுக்கினால், அனுமதிக்கத்தக்க விலகல் 10 மி.மீ.

சட்டத்தைச் சென்ட்ரிங் பலகையில் ஆணியடித்து நிறுத்துவதோடு விடாதீர்கள். நான்கு மூலையிலும் போல்ட் போடுங்கள். கான்கிரீட் வைப்ரேட்டர் ஸ்லீவைத் தொட்டால் அது சாயும். சாய்ந்த ஸ்லீவ் மேலே சரியாகவும் கீழே 20 மி.மீ. விலகியும் இருக்கும்; மேலிருந்து மட்டும் அளப்பவர் கண்டுபிடிக்க மாட்டார். ஸ்லீவ் தளத்துக்கு மேல் 50 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும், வாயை மூடியால் அடையுங்கள். மூடாவிட்டால் கான்கிரீட் கழிவு உள்ளே போய் இறுகி, திரும்பவும் கோர் கட்டிங்.

கம்பி ஃபிட்டரோடு ஒரு சண்டை வரும். ஸ்லீவ் இருக்கும் இடத்தில் கம்பி வந்தால் அவர் ஸ்லீவைத் தள்ளுவார், அல்லது கம்பியை வெட்டுவார். இரண்டும் கூடாது. ஸ்லீவைச் சுற்றிக் கூடுதல் கம்பி எங்கே என்பதை ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் வரைந்து தர வேண்டும். பீமைத் துளைத்துப் போகும் ஸ்லீவ் ஏதேனும் இருந்தால் அவர் கையெழுத்தில்லாமல் கான்கிரீட் போடாதீர்கள். பிறகு பீமில் கோர் கட்டிங் செய்வது கட்டிடத்தையே காயப்படுத்துவது.

சென்ட்ரிங் பிரித்ததும், மொட்டைமாடி வரை காத்திராமல், ஒவ்வொரு மாடியிலும் ஸ்லீவ் மையத்தைத் தூக்குக்குண்டு வைத்து அளந்து ஒரு தாளில் எழுதுங்கள்: மாடி எண், ஓட்டை எண், கிழக்கு மேற்கில் எவ்வளவு, வடக்கு தெற்கில் எவ்வளவு. 10 மி.மீ.க்குள் இருப்பது அப்படியே போகட்டும். 10 முதல் 25 வரை என்றால் அந்த மாடிக்குரிய செட்டின் வாய்த்துண்டைப் பட்டறையிலேயே மாற்றிவிடலாம். அதைத் தாண்டினால் ஓட்டையைத்தான் சரி செய்ய வேண்டும். இந்தத் தாள் பட்டறைக்குப் போகுமுன் எந்தச் செட்டையும் வெட்டக் கூடாது. அவசரப்பட்டு 40 செட்டையும் ஒரே நீளத்தில் வெட்டி அடுக்குவது இந்த முறையில் அடிக்கடி நடக்கும் தவறு. மாடி உயரம் 3.05 மீட்டர் என்று வரைபடம் சொல்லும், கட்டிடம் 3.03 என்றோ 3.07 என்றோ சொல்லும்.

4. மேசையும் அச்சும்

8 அடிக்கு 4 அடியில் 19 மி.மீ. பிளைவுட் மேசை இரண்டு போதும். ஒன்றில் தரைக்கடிக் கிளைத்தொகுப்பு, மற்றொன்றில் சுவர்ச் சட்டம். வரைபடத்தை முழு அளவில் பிளைவுட்டிலேயே கீறி, வாய்கள் வரும் இடத்தில் இரும்புக் கட்டைகளைப் பூட்டுங்கள். குழாய் அந்தக் கட்டைக்குள் உட்கார்ந்தால்தான் சரி; அளவு நாடாவை நம்பும் வேலை மேசையில் கூடாது.

வாட்டத்தையும் மேசையிலேயே வைத்துவிடுங்கள். 75 மி.மீ. கிளைக்குழாய்க்கு 50க்கு 1, அதாவது மீட்டருக்கு 20 மி.மீ. இறக்கம். மேசையில் அதற்கேற்ற உயரக் கட்டைகள் இருந்தால் சைட்டில் மட்டக்கோல் வைத்துத் தலைவலிப்பட வேண்டாம். தொகுப்பின் ஓரச்சட்டம் மட்டமாக நின்றால் உள்ளே வாட்டம் தானாக வந்துவிடும்.

5. ஒரு குளியலறைச் செட்

நம் ஊரில் இன்னும் பெரும்பாலும் ஒரு அடி பள்ளத்தளம் விட்டு, குழாய் போட்டு, செங்கல் ஜல்லி நிரப்புகிறார்கள். பட்டறைச் செட்டுக்கு அது ஆகாது. ஜல்லி கொட்டும்போதே மூட்டு அசையும். கசிந்தால் பள்ளம் குளமாகிக் கீழ்வீட்டுக் கூரையில் தெரியும், இடம் தெரியாது. குழாய்த் தொகுப்பைத் தளத்துக்கு அடியில் தொங்கவிட்டு, கீழ்வீட்டுக் குளியலறையின் ஃபால்ஸ் சீலிங்கால் மறைப்பதே நல்லது. தண்ணீர்க் குழாய்களுக்குச் சுவரைக் கொத்தாமல், க்ளோசெட்டுக்கும் வாஷ்பேசினுக்கும் பின்னால் 1.2 மீட்டர் உயரத்தில் 150 முதல் 200 மி.மீ. ஆழமுள்ள பாதிச்சுவர் வையுங்கள். மேலே சோப்பு வைக்க ஒரு கிரானைட் திட்டும் கிடைக்கும். வீட்டுக்காரர்கள் இடம் போனதை மறந்துவிடுவார்கள்.

ஒரு செட்டுக்கு வேண்டியவை:

- மாடித் துண்டு: 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவு, மழைநீருக்கான பி.வி.சி.) குழாய், பி வகை, ஐ.எஸ். 13592, சுவர்க்கனம் 3.2 மி.மீ.; கதவுள்ள டீ 1.
- கிளைத்தொகுப்பு: 75 மி.மீ. பி வகைக் குழாய், 50 மி.மீ. நீர்ப்பூட்டுள்ள (நாற்றத்தை மறிக்கத் தேங்கி நிற்கும் தண்ணீர்) தரை ட்ராப் 2 (குளிக்குமிடம், பேசின் பக்கம்), 45 பாகை வளைவுகள். 90 பாகை வளைவு கிளையில் வேண்டாம்.
- தண்ணீர்ச் சட்டம்: ஐ.எஸ். 15778 சி.பி.வி.சி. குழாய், எஸ்.டி.ஆர். (விட்டத்துக்கும் சுவர்க்கனத்துக்கும் உள்ள விகிதம்) 11, பித்தளைத் திருகுள்ள வாய்கள், சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு மூடுவால்வு, துரு எதிர்ப்புப் பூச்சடித்த 25 மி.மீ. சதுர இரும்புச் சட்டம்.
- தொங்கும் கிளாம்ப்: படுக்கைக் குழாயில், குழாய் விட்டத்தின் 10 மடங்குக்கு ஒன்று. 75க்கு 750 மி.மீ., 110க்கு 1.1 மீட்டர்.
- திறந்து பார்க்கும் பலகை: பாதிச்சுவரில் 300 × 300 மி.மீ., கதவுள்ள டீக்கு நேரே ஷாஃப்ட் பக்கம் ஒன்று.

ஏ வகை எஸ்.டபிள்யூ.ஆர். குழாய் (110 மி.மீ.க்குச் சுவர்க்கனம் 2.2) காற்றுக்கும் மழைநீருக்கும் உரியது. விலை குறைவு என்பதால் கழிவுக்குழாயாகவும் நுழைந்துவிடும். லாரியிலிருந்து இறக்கும்போதே ஓரத்தின் கனத்தைக் காலிப்பரால் பாருங்கள்.

மாடித் துண்டுகளின் மூட்டு ரப்பர் ரிங் மூட்டாக இருக்கட்டும், சால்வென்ட் ஒட்டு வேண்டாம். பி.வி.சி. குழாய் 3 மீட்டர் நீளத்துக்கு, 25 பாகை வெப்ப மாற்றத்தில் 5 மி.மீ. நீளும். மே மாத வெயில் விழும் ஷாஃப்ட்டில் அந்த அளவு மாற்றம் சாதாரணம். ஒட்டி இறுக்கிய ஐந்து மாடிக் குழாய் எங்கேயாவது வளைந்து ஒரு கிளையைப் பிடுங்கும். குழாய் முனையைச் சாய்வாகச் சீவி, சோப்புக் கரைசல் தடவி முழுக்கத் தள்ளி, கோடு போட்டு, 10 மி.மீ. பின்னால் இழுத்து நிறுத்துங்கள். எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும்.

சி.பி.வி.சி.யில் கவனிக்க வேண்டியது வேறு. ஒட்டுப்பசை சி.பி.வி.சி.க்கு உரியதாகவே இருக்க வேண்டும், பி.வி.சி. பசை பிடித்ததுபோல் காட்டிப் பிறகு விடும். டப்பாவைத் திறந்து வைத்தால் நம் வெயிலில் மேலே ஆடை படியும். கலக்கிப் பயன்படுத்தாமல் தூக்கிப் போடுங்கள். மின் ஒயரை இந்தக் குழாயோடு சேர்த்துக் கட்டக் கூடாது: ஒயரின் மென்மையான பி.வி.சி. உறையிலிருந்து கசியும் பொருள் சி.பி.வி.சி.யில் மெல்ல விரிசல் விடச் செய்யும். ஒரே சட்டத்தில் இரண்டையும் வைத்துவிட்டால் இடம் மிச்சமாகும் என்ற ஆசையில் இந்தத் தப்பு நடக்கிறது.

மேல்மாடிச் செட் மட்டும் வேறு. மேல்தொட்டி 20 மீட்டர் உயரத்தில் இருந்தால் முதல் மாடிக் குழாயில் (சதுர செ.மீ.க்கு) 1.6 கிலோ அழுத்தம் இருக்கும்; ஐந்தாம் மாடி ஷவரில் 0.3 கிலோகூட இருக்காது. அங்கே பெரிய விட்டக் குழாயும் தனி பிரஷர் பம்ப்புக்கான வாயும் வேண்டும். ‘எல்லாம் ஒரே மாதிரி’ என்று 40 செட்டுக்கு ஆர்டர் போட்டவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். அதேபோல் முதல் மாடி: செங்குத்துக் குழாய் ஸ்டில்ட்டில் திரும்பும் இடத்தில் அழுத்தம் எகிறும், நுரை மேலேறும். முதல் மாடிக் கிளைகளை அந்த அடிவளைவுக்கு அருகில் சேர்க்காமல், தனிக் குழாயாகச் சேம்பருக்குக் கொண்டுபோங்கள். அடிவளைவும் ஒரே 90 ஆக இல்லாமல் இரண்டு 45 ஆக இருக்கட்டும்.

6. காற்றோட்டம்

குழாய்க்குப் போடும் மூளையில் கால்வாசியைக்கூட யாரும் காற்றுக்குப் போடுவதில்லை. கடைசி நாளில் ஆறு அங்குல விசிறி ஒன்றை வெண்டிலேட்டரில் சொருகி, மீதி இடத்தைக் கண்ணாடிப் பட்டையால் மூடிவிடுகிறோம். அந்தப் பட்டைகள் திறந்திருக்கும்வரை விசிறி அறைக் காற்றை இழுக்காது. ஒரு சாண் தள்ளி இருக்கும் திறப்பிலிருந்து வெளிக்காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சத்தம் உண்டு, ஈரம் போகாது. மார்கழியில் கூரை மூலையில் கரும்பூசணம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கு: 1.5 × 2.4 மீட்டர் அறை, சீலிங் உயரம் 2.4. கன அளவு 8.6 கன மீட்டர். மணிக்குப் பத்து முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் மணிக்கு 86 கன மீட்டர், அதாவது நொடிக்கு 24 லிட்டர். 150 மி.மீ. விசிறியின் பெட்டியில் இதைவிட இரண்டு மூன்று மடங்கு போட்டிருக்கும். அது குழாய், வலை, மூடி எதுவும் இல்லாமல் திறந்தவெளியில் அளந்தது. பூச்சிவலையில் தூசி சேர்ந்து, மூடி பாதி திறந்தால் அதில் பாதி வருவதும் சந்தேகம்.

வெளிச்சுவரோ திறந்த ஷாஃப்ட்டோ இருக்கும் குளியலறைக்கு: விசிறி, பின்வாங்காத மூடி (காற்றை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் அடைப்பது), கொசுவலை மூன்றையும் ஒரே அலுமினியப் பலகையில் பட்டறையிலேயே பூட்டுங்கள். வெண்டிலேட்டரின் அளவே பலகையின் அளவு. கண்ணாடிப் பட்டைக்கு இடமே வைக்காதீர்கள், நிலைத்த கண்ணாடி போதும். நம் கட்டிடத்தில் 30 குளியலறை இந்த வகை என்று கொள்வோம். கொசுவலை கழற்றித் தேய்க்கும்படி இரண்டு திருகில் நிற்கட்டும்.

மீதி 10 குளியலறை நடுவில் மாட்டிக்கொண்டவை. மாடிக்கு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. இவற்றுக்கு இரண்டு நிமிர்ந்த காற்றுக்குழாய்கள், ஒவ்வொன்றிலும் 5 அறை. 5 × 86 = 430 கன மீட்டர்; 200 மி.மீ. விட்டத்தில் வேகம் நொடிக்கு 3.8 மீட்டர். அதற்குமேல் வேகம் போனால் படுக்கையறைச் சுவரில் இரைச்சல் கேட்கும். 0.63 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் மாடி உயரத் துண்டுகளாகச் செய்து, ஒவ்வொன்றிலும் 110 மி.மீ. கிளைவாய் வையுங்கள். கிளைக்கு ஏ வகை 110 குழாயே போதும். அதில் வேகம் 2.7 மீட்டர்தான். சுருக்கும் அலுமினியக் குழாயை மீட்டர் கணக்கில் விடாதீர்கள். வளைந்து தொங்கும் இடத்தில் ஈரம் தங்கி, பாதிக் காற்று அங்கேயே நின்றுவிடும்.

இதில் ஒவ்வொரு நிமிர்ந்த காற்றுக்குழாய்க்கும் மொட்டைமாடியில் ஒரே விசிறி, அறைகளில் அளவு திருகக்கூடிய வால்வு என்பதே சரியான அமைப்பு. மணிக்கு 500 கன மீட்டர், 150 பாஸ்கல் எதிர்ப்பில் தரும் விசிறியாக வாங்குங்கள். அறைக்கு அறை தனி விசிறி வைத்துப் பொதுக்குழாயில் தள்ளினால், மூன்றாம் மாடி விசிறி ஓடும்போது அதன் நாற்றம் விசிறி ஓடாத நான்காம் மாடிக்குப் போகும். மொட்டைமாடி விசிறியிலும் ஒரு சிக்கல் உண்டு, அது தொழில்நுட்பம் சார்ந்ததில்லை: மின்கட்டணம் பொது மீட்டரில் வருவதால் அசோசியேஷன் அதை அணைத்துவிடும். அணைத்தாலும் நாற்றம் வீட்டுக்கு வீடு போகாதபடி ஒவ்வொரு கிளைவாயிலும் பின்வாங்காத மூடி வையுங்கள். செலவு கூடுகிறதே என்று இதை வெட்டாதீர்கள்.

எக்ஸாஸ்ட்டைக் கழிவுக்குழாயின் வென்ட்டில் சேர்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. விசிறி நின்றதும் சாக்கடைக் காற்று அதே வழியில் குளியலறைக்குள் இறங்கும். ஒருபோதும் வேண்டாம்.

உள்ளே காற்று வர வழியில்லாமல் வெளியே இழுக்க முடியாது. 750 மி.மீ. கதவுக்கடியில் 10 மி.மீ. இடைவெளி என்றால் 24 லிட்டர் காற்று நொடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் நுழைய வேண்டும், விசிறி திணறும். 20 மி.மீ. விடுங்கள், அல்லது கதவின் கீழ்ப்பகுதியில் கிரில் போடுங்கள். கிரானைட் வாசற்படி வைத்த பிறகு மிஞ்சும் இடைவெளியை அளக்க வேண்டும், அதற்கு முன்பு அல்ல. ‘விசிறி போட்டால்தான் நாற்றம் வருகிறது’ என்ற புகார் வந்தால் தரை ட்ராப்பைப் பாருங்கள். 50 மி.மீ. நீர்ப்பூட்டைச் சாதாரண விசிறியால் உடைக்க முடியாது. ஆனால் கோடையில் பயன்படுத்தாத ட்ராப்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தால், கதவுக்கடியில் கிடைக்காத காற்றை விசிறி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

சமையலறைச் சிம்னி தனி. எண்ணெய்ப்புகை எந்தப் பொதுக்குழாயிலும் சேரக் கூடாது. படியும் எண்ணெய் தீக்குத் தீனி. நேரே வெளிச்சுவருக்கு. சிம்னியின் குழாய் 150 மி.மீ.; அதற்கு 160 ஸ்லீவ் போட்டுவிட்டு உள்ளே நுழையவில்லை என்று தவிப்பார்கள், 152தான் உள்விட்டம் என்பதை மறந்து. 200 மி.மீ. குழாயை ஸ்லீவாக வெட்டி, வெளிப்பக்கம் 50க்கு 1 வாட்டம் கொடுத்து, வெளிமுனையில் மூடிக்கூண்டையும் பட்டறையிலேயே பூட்டி அனுப்புங்கள். சுவர் கட்டும் கொத்தனார் அதை வைத்தே கட்டுவார். மூடிக்கூண்டு படுக்கையறை ஜன்னலுக்கு நேர்மேலே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. முதலில் ஒன்று, பிறகு முப்பத்தொன்பது

முதல் செட்டை முதல் மாடியில் ஒரு குளியலறையில் மாட்டி, உண்மையான க்ளோசெட், பேசின், மிக்சர் எல்லாம் பொருத்திப் பாருங்கள். டைலுக்குப் பதில் அதே கனத்தில் பலகைத் துண்டு வைக்கலாம். வால்வைத் திருப்பக் கை போகிறதா, ட்ராப்பைத் திறக்க முடிகிறதா, கதவு டீயின் மூடி ஷாஃப்ட் சுவரில் இடிக்கிறதா என்று பார்த்து, திருத்தத்தை மேசையில் செய்யுங்கள். மறுநாளே மீதிச் செட்டுக்கு ஆர்டர் போட்டுவிடும் ஆவல் வரும். ஒரு வாரம் பொறுங்கள்.

பட்டறைச் சோதனை: தண்ணீர்ச் சட்டம் ஒட்டி 24 மணி நேரம் கழித்து, 10 கிலோ அழுத்தத்தில் 2 மணி நேரம், தண்ணீரால். கம்ப்ரசர் காற்றால் சோதிக்காதீர்கள். பிளாஸ்டிக் குழாய் காற்றழுத்தத்தில் உடைந்தால் சிதறும், ஆளுக்குக் காயம். கழிவுத் தொகுப்பை 3 மீட்டர் தண்ணீர் உயரத்தில் அரை மணி நேரம். காற்றுக்குழாயின் மூட்டுகளுக்கு சீலன்ட் காய்ந்தபின் விளக்கை உள்ளே விட்டு இருட்டில் பார்த்தாலே ஓட்டை தெரியும். தேறிய செட்டில் எண், தேதி, செய்தவர் பெயரின் முதலெழுத்து. வாய்கள் எல்லாவற்றுக்கும் மூடி.

8. ஏற்றி இறக்குதல்

செட்டின் அளவைத் தீர்மானிப்பது குட்டி யானை. அதன் தட்டு சுமார் 7 அடிக்கு 5 அடி. பெரிய லாரி நுழையாத தெருக்களில் அதுதான் வரும். ஆகவே சட்டம் 2.1 × 1.4 மீட்டருக்குள், எடை இருவர் மாடிப்படியில் தூக்கும்படி 40 கிலோவுக்குள் இருக்கட்டும். 3 மீட்டர் மாடித் துண்டுகள் மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டு வரும்; அவற்றைத் தனி நடையாக, கீழே பலகை கொடுத்து ஏற்றுங்கள். ஒரு மாடிக்குத் தேவையானதை அந்த மாடி தயாரானபின் அனுப்புங்கள். வெயிலில் அடுக்கிய பி.வி.சி. ஒரே வாரத்தில் வில்லாக வளையும்; சைட்டில் அடுக்கிய செட்டின்மேல் யாராவது சிமென்ட் மூட்டை வைப்பார்கள்.

9. மாட்டும் வரிசை

கீழிருந்து மேலாக. மாடித் துண்டு முதலில், சுவர்க் கிளாம்ப்பில் நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்து. பிறகு கிளைத்தொகுப்பு, பிறகு சைட் மூட்டு. ஸ்லீவ் இடைவெளியை அடைக்குமுன் 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை மறுபடி. பட்டறையில் தேறியது வண்டியில் ஆடியிருக்கலாம். அடைப்புக்குச் சுருங்காத சிமென்ட் கலவை. காற்றுக்குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்தில் தீத்தடுப்பு அடைப்பு. ஷாஃப்ட்டின் அடியில் எலி நுழையாதபடி எஃகு வலை வையுங்கள், எலிக்குப் பி.வி.சி. ஒரு பொருட்டல்ல.

தளத்தின் நீர்க்காப்புப் பூச்சை ஸ்லீவின் உதட்டின்மேல் ஏற்றி முடிக்க வேண்டும். 50 மி.மீ. நீட்டி விட்டது இதற்காகவே. மட்டமாக அறுத்துவிட்டுப் பூசினால் பூச்சுக்கும் குழாய்க்கும் நடுவில் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும்.

பாதிச்சுவரை 12 மி.மீ. சிமென்ட் போர்டால் மூடுமுன், ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை விரித்துவைத்துப் படம் எடுங்கள். பத்து வருடம் கழித்து டவல் கம்பிக்குத் துளை போடுபவருக்கு அந்தப் படம்தான் துணை. தொங்கும் க்ளோசெட் என்றால் அதன் இரும்புச் சட்டம் 400 கிலோ தாங்குவதாக இருக்க வேண்டும்; அதைத் தளத்திலும் பின்சுவரிலும் பூட்டுங்கள், சிமென்ட் போர்டில் அல்ல.

மின்வேலையில் சுருக்கமாக: டிபி பெட்டியை 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) வரை பட்டறையில் ஒயர் மாட்டி, ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பெயர் ஒட்டி அனுப்பலாம். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, கீசருக்கும் ஏசிக்கும் 4 சதுர மி.மீ. ஒயர்களை அறைவாரியாக அளந்து வெட்டிக் கட்டி வைத்தால் மிச்சத்துண்டு குறையும். தளத்துக் குழாய்களைப் பட்டறையில் செய்யப் பார்க்காதீர்கள்; அது கம்பியோடு கம்பியாகப் போகும் வேலை.

10. காற்றை அளந்து ஒப்படைப்பது

டிஷ்யூ காகிதம் வலையில் ஒட்டினால் விசிறி ஓடுகிறது என்று தெரியும். எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாது. கூம்பு மாட்டிய அனிமோமீட்டரை (காற்றின் வேகத்தை அளக்கும் கருவி) வாடகைக்கு எடுங்கள். கதவை மூடி, ஒவ்வொரு குளியலறையிலும் நொடிக்கு 24 லிட்டர் வருகிறதா என்று பாருங்கள். மொட்டைமாடி விசிறியில் மேல்மாடி அதிகம் இழுக்கும், கீழ்மாடி பட்டினி கிடக்கும். முதலில் எல்லா வால்வையும் முழுக்கத் திறந்து அளந்து, பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் கொஞ்சம் மூடி வாருங்கள். இரண்டு சுற்றில் சமமாகும். வால்வு நின்ற இடத்தில் பெயின்ட் கோடு.

சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஜன்னல்களை மூடி, குளியலறை வலையில் மறுபடி அளந்து பாருங்கள். அளவு பாதியாகக் குறைந்தால் சமையலறைக்குத் தனியாகக் காற்று வர வழி வேண்டும்; சிம்னி ஓடும்போது ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் எழுதியே கொடுத்துவிடலாம்.

ஒப்படைக்கும்போது அசோசியேஷனிடம் கொடுக்க வேண்டியவை: சுவர்ப் படங்கள், அளவெடுத்த தாள், கதவு டீ மூடிகளுக்கான ரப்பர் 10, பின்வாங்காத மூடி 4, பலகை விசிறி 2. கொசுவலையைத் தேய்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பொதுக்குழாயின் மூடிகளைத் திறந்து பார்ப்பது வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால்.